காலி செய்யும் கடைக்கு யார் வெள்ளையடிப்பது?

நகைக்கடன் கிளைகளைத் திறப்பதும் மூடுவதும் எங்கள் நிர்வாகப் பிரிவின் வேலை. திறப்பு விழாவுக்கு மண்டல மேலாளர், போட்டோகிராபர், கேசரி என்று கூட்டம் கூடும். மூடுகிற அன்றைக்கு நானும் கொத்தனாரும் கட்டட உரிமையாளரும்தான் இருப்போம். மதுரைக்குள்ளும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமும் அப்படிச் சாவி கொடுத்த கட்டடங்கள் நிறைய. மற்ற கடைக்காரர்கள் காலி செய்தால் சுவரில் ஆணி ஓட்டையும் ஷட்டரில் ஸ்டிக்கர் பசையும் மிஞ்சும். எங்கள் ஆபீசில் மிஞ்சுவது ஸ்ட்ராங் ரூம், அதாவது அடகு நகைகளைப் பூட்டி வைக்கும் அறை.

நாலு பக்கமும் கம்பி கட்டி கான்கிரீட் போட்ட சுவர், அதற்கொரு இரும்புக் கதவு. சுத்தியலுக்கெல்லாம் அசையாது, பிரேக்கர் மிஷின் வேண்டும். மிஷின் போட்ட அரை மணி நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் தன் சுவரில் விரிசல் விட்டதென்று வந்து நிற்பார். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். இடிபாட்டை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் பெரிய தகராறு. சுவர் நின்ற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு டைல்ஸ் இல்லாத பட்டை தெரியும். கம்பி நட்ட இடமெல்லாம் சீலிங்கில் பொத்தல். அதே டிசைன் டைல்ஸ் வருவது எப்போதோ நின்றுபோயிருக்கும். "ஹால் முழுக்க மாத்திக் குடுத்துருங்க தம்பி" என்பார் உரிமையாளர், ஒரு டீ சொல்லுங்க என்கிற தொனியில்.

1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. உள்ளே வந்தபோது இருந்த நிலையில் கட்டடத்தைத் திருப்பித் தர வேண்டும். நியாயமான தேய்மானத்துக்கும், நம் கையை மீறிய இயற்கைச் சேதத்துக்கும் வாடகைதாரர் பொறுப்பில்லை. நாம் பொருத்தியதை, இடம் நம் வசம் இருக்கும்போதே கழற்றிக்கொள்ளலாம், ஆனால் இடத்தைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும். அந்தப் பட்டையும் பொத்தலும் எங்கள் செலவுதான், சந்தேகமில்லை. பல வருடம் மிதிபட்ட ஹாலைப் புது ஹாலாக்கித் தரச் சொல்லி எங்கும் எழுதவில்லை. கறுப்பு கிரானைட் பட்டை போட்டு பார்டர் மாதிரி முடித்துவிடலாம் என்பது எங்கள் கொத்தனாரின் யோசனை. பார்க்க நன்றாகவே இருக்கும். பாதிப் பேர் அதோடு சமாதானமாகிவிடுவார்கள்.

பெயிண்ட் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் பட்டியலைப் பார்த்தால், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் வாடகைதாரருக்கு. ஆனால் இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் எழுதியதுதான் பேசும். எங்கள் தலைமை அலுவலகத்தின் அச்சடித்த ஒப்பந்தத்திலேயே 'காலி செய்யும்போது வர்ணம் பூசி ஒப்படைக்க வேண்டும்' என்றொரு வரி உண்டு. யார் சேர்த்தார்களோ, உரிமையாளர் கேட்காமலே கொடுத்த வரம்.

மாசி வீதிப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றில் அந்த வரி பெரிய வம்பாகிவிட்டது. தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புக் காரைச் சுவர். கிளை திறந்தபோது இன்டீரியர்காரர்கள் அதன்மேல் புட்டி வைத்து எமல்ஷன் அடித்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதை பெயிண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, முழங்கால் உயரம் வரை அப்பளமாய்ப் பொரிந்து உதிரும். விரலால் தொட்டால் வெள்ளைப் பொடி கொட்டும். "உங்க ஏசியாலதான் சுவரே போச்சு" என்றார் உரிமையாளரான பெரியவர். இடம் பார்த்தபோது புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ என் போனில் இருந்தது. அதில் அதே உயரத்தில் பழுப்புக் கறை. ஈரம் கட்டடத்தினுடையது, அதை அடைத்தது நாங்கள் என்று பேசி முடித்தோம். புட்டியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "பளபளன்னு இருக்காதேப்பா." இருக்காதுதான். அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகும் சுவர் சுவராக இருக்கும் என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் போனது.

இப்போதெல்லாம் எஸ்டிமேட் போடும் முன்பு நான் விசாரிப்பது, அந்த இடத்துக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்பதைத்தான். ஜவுளிக்கடைக்காரர் வந்தால் முதல் நாளே சீலிங்கையும் சுவரையும் பிய்த்துப் போட்டுவிடுவார். அவருக்காக நாங்கள் எமல்ஷன் அடிப்பது யாருக்கும் பிரயோஜனமில்லாத செலவு. இங்கிலாந்தில் 1927-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள் என்று எங்கள் வக்கீல் சொல்வார். காலி செய்த உடனே கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், அல்லது பழுதுபார்த்தும் பயனில்லாத அளவுக்கு மாற்றிக் கட்டப் போகிறார்கள் என்றால், பழுதுபார்க்காததற்கு நஷ்டஈடு கேட்க முடியாதாம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் அதிலுள்ள நியாயத்தை எடுத்துச் சொன்னால் நம்மூர் உரிமையாளர்களும் காது கொடுக்கிறார்கள்.

பைபாஸ் ரோட்டில் ஓர் உரிமையாளர், ஸ்ட்ராங் ரூமை இடிக்க, தரை போட, பெயிண்டுக்கு என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். காலி செய்து ஒரு மாதத்துக்குள், முறையான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பது அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொன்னதற்கு அவர் அசரவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் சங்கதி தெரிந்தது: இன்னொரு பைனான்ஸ்காரர் அந்த இடத்தைப் பேசி முடித்திருக்கிறார், ஸ்ட்ராங் ரூம் இருப்பதால்தான் வாடகையே அதிகம். மறுநாள் பிரேக்கர் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். "ஒப்பந்தப்படி இடிச்சுக் குடுத்துர்றேன் ஐயா." அவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வந்து உட்காரச் சொன்னார். 'ஸ்ட்ராங் ரூமை உள்ளது உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு, செக் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுத்தேன். இரும்புக் கதவு எங்கள் சொத்து. அதற்கு மட்டும் புதிதாக வருகிற பைனான்ஸ்காரரிடம் தனியாகப் பேரம் நடந்தது, நல்ல விலைக்கே போனது.