மதியம் இரண்டரைக்குக் கதவைத் தட்டக் கூடாது

தென் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை. மணி மதியம் இரண்டரை. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான அம்மா கதவைப் பாதி திறந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அந்த நேரத்தில் யாராவது கதவைத் தட்டினால் கெட்ட செய்தி என்றுதான் அங்கே நினைப்பார்கள். எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். தீப்பெட்டியோடு நாலு அத்திப்பழமும் கொடுத்து அனுப்பினார்.

தென் இத்தாலியில் அந்த நேரத்துக்கு 'கோந்த்ரோரா' என்று தனிப் பெயரே உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து வெயில் தாழும் வரை உள்ள பொழுது அது. ஒன்று, ஒன்றரைக்குக் கடைகளை அடைத்தால் ஐந்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. சிள்வண்டுச் சத்தம் மட்டும் விடாமல் கேட்கும்.

நாங்கள் ஆறு வாரம் தங்கியது பூலியா மாநிலத்தில், லோகோரோதொந்தோ ஊருக்கு வெளியே இருந்த ஒரு 'ட்ருல்லோ' வீட்டில். சாந்து இல்லாமல் சுண்ணாம்புக் கல்லை அடுக்கியே கட்டிய வீடு. கூரையும் கல்தான். வட்டம் வட்டமாக, ஒவ்வொரு வட்டத்தையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் கூம்பாக முடித்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான அல்பெரோபெல்லோவில் இப்படிப்பட்ட வீடுகள் தெருத் தெருவாக இருக்கின்றன. 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கு அந்தச் சுவரின் கனம்தான் பெரிய விஷயமாகப் பட்டது. ஜன்னல் ஆழத்தில் என் கை முழங்கைக்கு மேலும் உள்ளே போகும். வெளியே வெயில் கொளுத்தும்போது கட்டைக் கதவுகளைச் சாத்திவிட்டால், உள்ளே மின்விசிறி இல்லாமலே தூங்கலாம்.

நாங்கள் இருந்த பகுதிக்கு இத்ரியா பள்ளத்தாக்கு என்று பெயர், ஆனால் ஓர் ஆறு கிடையாது. பெய்கிற மழையை எல்லாம் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும். அதனால்தான் கூரையில் விழும் தண்ணீரை வழி பண்ணி வீட்டருகே நிலத்தடித் தொட்டியில் சேர்த்து வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே ஓடும் செலே ஆற்றின் ஊற்றைச் சுரங்கம் வழியாகத் திருப்பிக் கொண்டுவரும் வேலை 1906-ல் தொடங்கி, 1915-ல்தான் பூலியாவின் தலைநகரான பாரிக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா இன்றும் தொட்டித் தண்ணீரைத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறார். பாத்திரம் கழுவிய தண்ணீரும் வீணாகாது, துளசிச் செடிக்குப் போகும். அவர்கள் ஊர்த் துளசி, வாசனை வேறு.

அவர் கணவர் காலையில் 'ஆப்பே'யில் பழம் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். நம் ஊரில் ஓடும் அதே மூன்று சக்கர ஆப்பே வண்டிதான். பியாஜ்ஜோ நிறுவனம் 1948-ல் கொண்டுவந்தது. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தேனீ என்று அர்த்தம். மேட்டில் ஏறும்போது வரும் சத்தத்தைக் கேட்டால் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றும்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒருநாள் அந்த அம்மா, "நாளைக்குத் தக்காளி. நாலு மணிக்கு வந்துவிடு" என்றார். விடியற்காலை நாலு மணி. வருஷம் முழுக்கத் தேவையான சாஸை ஒரே நாளில் போட்டுவிடுவார்கள், அதுவும் கோந்த்ரோராவுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். மகள்கள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். தக்காளியைக் கழுவி, கீறி, லேசாக வேகவைத்து, கைப்பிடி சுற்றும் இயந்திரத்தில் போட்டால் ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் தோலும் விதையும் வரும். அந்தத் தோலை மறுபடியும் உள்ளே போட்டுச் சுற்றுவார்கள். இரண்டாவது தடவை வருவதுதான் கெட்டியாக இருக்கும், அதை விட்டுவிடக் கூடாது என்றார்.

எனக்குக் கொடுத்த வேலை துளசி. பழைய பீர் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஓர் இலை. இரண்டு போட்டால் அம்மா விரலை விட்டு ஒன்றை எடுத்துவிடுவார். மூடி அடித்த பாட்டில்களை ஒரு பெரிய இரும்புப் பீப்பாயில் அடுக்கி, ஒன்றோடொன்று மோதி உடையாமல் இடையிடையே பழைய துணியைத் திணித்து, தண்ணீர் ஊற்றி, ஒலிவ விறகைப் போட்டுக் கொதிக்கவிட்டார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே மறுநாள் வரை ஆறவேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பாட்டில் வெடித்துவிடும். பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. எல்லாருக்கும் 'ஃப்ரிசெல்லே': இரண்டு தடவை சுட்ட கட்டி ரொட்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தக்காளி, உப்பு, ஒலிவ எண்ணெய். ஒரு மணிக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மூலையில் படுத்துவிட்டோம். அப்படி ஒரு தூக்கம் எனக்கு வருஷக்கணக்கில் வந்ததில்லை.

பகலில் தூங்குகிறவர்கள் இரவில் விழித்திருக்கிறார்கள், அதை நான் முன்பு யோசித்ததில்லை. ஊர்ச் சதுக்கத்தில் பதினோரு மணிக்குக் குழந்தைகள் பந்து விளையாடும், பாட்டிமார் பெஞ்சில் கதை பேசுவார்கள், கைக்குழந்தை ஐஸ்கிரீம் நக்கும். ஆகஸ்ட் 16 புனித ரோக்கோ திருவிழா. கொள்ளைநோயிலிருந்து காப்பவர் அவர். சிலையில் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார், காலடியில் ரொட்டி கவ்விய நாய் இருக்கும். அன்று இரவு வாணவேடிக்கைப் போட்டி. கூட்டத்துக்குள் போக வேண்டாம், தோட்டத்திலிருந்தே தெரியும் என்று அந்த அம்மா மதில் ஓரம் நாற்காலிகளைப் போட்டிருந்தார்.

நள்ளிரவைத் தாண்டியும் வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கூம்புக் கூரைகள் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரிந்து மறைந்தன. முதுகு சாய்த்திருந்த கல் மதிலில் பகல் சூடு இன்னும் இருந்தது. அவர்கள் வீட்டு நாய் மட்டும் ஆப்பேக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. அந்த அம்மா குனிந்து, கையிலிருந்த ரொட்டியைப் பிட்டு அதற்கு நீட்டிக்கொண்டே இருந்தார்.