மர ரேஸ் டிராக்: முதல் வளைவு முடிந்தது

நான் செய்துவரும் பெவர்லி ஹில்ஸ் கார் ரேஸ் டிராக் மாடலின் வளைவு ஒருவழியாக மேஜை மேல் நிமிர்ந்து நிற்கிறது. இன்று நடிகர்களின் பங்களாக்களுக்குப் பேர்போன அந்த ஊரில் 1920 முதல் 1924 வரை ஒன்றேகால் மைல் சுற்றளவில், முழுக்க மரத்தாலேயே ஆன ரேஸ் டிராக் ஒன்று இருந்தது. மனை விலை ஏறியதும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பெவர்லி வில்ஷயர் ஹோட்டல் இருக்கிறது. பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்தே இந்த மர டிராக்குகள் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அளவு 24-க்கு 1. முழு டிராக்கையும் செய்தால் 84 மீட்டர் வரும் என்பதால் வளைவில் ஒரு துண்டு மட்டும். பலரும் நினைப்பதுபோல அசல் டிராக்கில் பலகைகளைப் படுக்க வைத்துப் பரப்பவில்லை. இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டங்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, இரண்டு அங்குல விளிம்பு மேலே தெரியும்படி வரிசையாக ஆணி அடித்தார்கள். ஐஸ் குச்சியின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். நீளவாக்கில் பிளந்து, உப்புத்தாளில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேய்த்தால் இந்த அளவுக்குக் கச்சிதமான சட்டம் கிடைத்துவிடுகிறது. ஃபெவிகால் தடவி ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போக வேண்டும். கை ஓடும் வேலைதான், ஆனால் மெதுவாகத்தான் ஓடும்.

வளைவில் வெளிவிளிம்பு உயர்ந்து நிற்கும் சரிவு சுமார் 35 டிகிரி. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நேர்கோடு வளைவாக மாறும் இடம். மர டிராக்கை அமெரிக்காவில் பரப்பியவர் ஜாக் பிரின்ஸ். இங்கிலாந்தில் பிறந்த சைக்கிள் பந்தய வீரர். சைக்கிள் டிராக்கையே பெரிதாக்கி, 1910-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பிளாயா டெல் ரேயில் ஒரு மைல் வட்டமாகக் கட்டினார். அவரோடு வேலை செய்த ஆர்ட் பில்ஸ்பரி என்ற பொறியாளர்தான், ரயில் பாதை போடுகிறவர்கள் கையாளும் வளைவுக் கணக்கைப் பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டுவந்தார். சரிவு திடீரென்று ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கார் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு அட்டையில் இரண்டு மாதிரிகள் செய்தேன். ஒன்றில் சரிவு சட்டென்று தொடங்கும், மற்றதில் மெல்ல ஏறும். ஒரே உயரத்திலிருந்து கோலிக்குண்டை உருட்டிவிட்டேன். முதல் அட்டையில் குண்டு வளைவின் வாயிலேயே ஒரு குதி குதித்து வெளியே போனது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு மேலேறி, வளைந்து, மறுபக்கம் இறங்கியது. அதைப் பார்த்ததும் பில்ஸ்பரி மேல் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஃபிராங்க் லாக்ஹார்ட் 1927-இல் அட்லாண்டிக் சிட்டி மர டிராக்கில் வெறும் ஒன்றரை லிட்டர் எஞ்சின் கொண்ட மில்லர் காரில் மணிக்கு 147 மைலுக்கு மேல் சுற்றியிருக்கிறார். அந்தக் காலத்து ஒல்லி டயரில்!

அப்புறம் மழைச் சோதனை. வார்னிஷ் அடிக்காத சின்னத் துண்டு ஒன்றை மழைக்காலம் முழுக்க மொட்டைமாடியில் போட்டுவைத்தேன். குச்சிகள் ஊறி, காய்ந்து, திரும்ப ஊறி, ஒன்று மேலே எழும்பவும் அடுத்தது தழையவும் தொடங்கின. விளிம்பெல்லாம் சிராய். விரலால் தடவியபோது ஒன்று கட்டைவிரலில் ஏறியது. மர டிராக்குகளின் கதை முழுக்க அதுதான். பெரும்பாலும் பச்சை மரம், மேலே பூச்சு கிடையாது, சில வருடங்களிலேயே உளுத்துவிடும். முன்னால் போகிற காரின் சக்கரம் மரத்துண்டுகளைப் பெயர்த்துப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும். ரேஸ் நடக்கும்போதே தச்சர்கள் டிராக்குக்கு அடியில் நின்று ஓட்டையை அடைப்பார்கள், தலைக்கு மேலே கார்கள் பறந்துகொண்டிருக்கும். என் வளைவிலும் ஒரு ஓட்டை விட்டு, அடியில் சுத்தியலோடு ஒரு தச்சரை நிறுத்தியிருக்கிறேன். இந்த மாடலிலேயே நான் அதிகம் நேரம் செலவிட்டது அந்த ஆளுக்குத்தான். அவரைப் போன்றவர்களின் பெயர் எந்த வெற்றிப் பட்டியலிலும் இல்லை.

இதே பெவர்லி ஹில்ஸில், 1920 நவம்பரில், செவ்ரோலே சகோதரர்களில் இளையவரான காஸ்டன் விபத்தில் இறந்தார். இண்டியானாபோலிஸில் 500 மைல் பந்தயத்தை ஜெயித்த அதே வருடம். அவருடைய காரையும் செய்யலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. அந்தக் காலத்துப் பந்தய வீரர் ஜிம்மி மர்பியின் கார்தான் நிற்கப்போகிறது, உடல் பகுதியைச் செதுக்கியாகிவிட்டது.

மேல் விளிம்புக்கு வேலி பாக்கி. அடுத்த வேலைக்கு ஊரும் முடிவாகிவிட்டது: அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட். அங்கே 1924-இல் வந்த மர டிராக் 1927-க்குள் முடிந்துபோனது. பிறகு 1949 ஜூனில் அதே ஊரில், வேறொரு மண் டிராக்கில், நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு கடையில் வாங்கிய கார்களுக்காக நடத்திய முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டு, சாராயம் கடத்துவதற்காக ஸ்பிரிங்கைப் பலப்படுத்திய வண்டி என்று தெரிந்து தள்ளுபடியானது. ஜிம் ரோப்பரின் லிங்கன் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அந்த இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் செய்யப்போகிறேன், ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங் தெரிகிற மாதிரி.