நிஷி-கசாயிலிருந்து வசேதாவுக்கு

டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் பெரியப்பா போனில் கேட்டது, "பிரைவேட்டா? டொனேஷன் எவ்வளவுப்பா?" நம் ஊர் அனுபவத்துக்கு நியாயமான கேள்விதான். ஜப்பானிலும் முதல் மரியாதை அரசின் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கே. ஆனால் மாணவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் படிப்பது தனியாரில்.

வசேதாவைத் தொடங்கியவர் கல்வி வியாபாரி அல்ல, பதவி பறிபோன அமைச்சர். ஓகுமா ஷிகெனோபு நாடாளுமன்றம் சீக்கிரம் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1881இல் அரசிலிருந்து வெளியேற்றப்பட்டார். மறு வருடமே, அன்று வயல்களாகக் கிடந்த இந்தப் பக்கத்தில் பள்ளி திறந்துவிட்டார். கலகக்காரர்களை வளர்க்கிறாரோ என்று அரசுக்குச் சந்தேகம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடம் நடந்த காலத்தில் இவர்கள் ஜப்பானிய மொழியில் நடத்தினார்கள். அப்படிப்பட்ட வசேதாவுக்கு வந்து நான் ஆங்கில வழியில் படிக்கிறேன், என்ன செய்ய!

1889இல், வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, ஒருவன் வீசிய குண்டில் ஓகுமாவின் வலது கால் போனது. அதற்குப் பிறகுதான் இரண்டு முறை பிரதமரானார். வளாகத்தின் நடுவில் அவர் சிலை கைத்தடியோடு நிற்கிறது. மனிதன் 125 வயது வாழலாம் என்பது அவர் வாதம். அந்தக் கணக்கில்தான் 1927இல் கட்டிய அரங்கின் மணிக்கூண்டுக்கு 125 ஷாக்கு (ஜப்பானின் பழைய நீள அளவு), சுமார் 38 மீட்டர், உயரம் வைத்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தது 83இல்.

1902இலேயே பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டாலும், சட்டப்படி அந்தத் தகுதி வந்தது 1920இல், இன்னொரு தனியார் பல்கலைக்கழகமான கெயோவோடு சேர்ந்து.

சரி, குடித்தனம். டோக்கியோவில் தமிழர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாய் பகுதியில் தங்கினால் தோசாய் லைன் மெட்ரோவில் ரயில் மாறாமல் அரை மணி நேரத்தில் வசேதா. காலை நெரிசலில் மூச்சுவிடத்தான் இடம் இருக்காது. பருப்பு, கறிவேப்பிலைக்குக் கவலையில்லை. வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு: பல இடங்களில் உத்தரவாதக் கம்பெனிக்குக் கட்டணம், முன்பணம், அதுபோக 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத ஒரு தொகை. டொனேஷன் இல்லாத ஊரில் இது இருக்கிறது.

வளாகத்தில் எனக்குப் பிடித்தது பிரதான வாசல். கதவே கிடையாது. அடையாள அட்டையை யாரும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்துப் பாட்டிகள் நாயோடு குறுக்கே நடந்து போகிறார்கள். சென்னையில் என் கல்லூரி வாட்ச்மேன் பார்த்தால் மயங்கி விழுவார்.

அப்புறம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஜிங்கு மைதானத்தில் கெயோவோடு நடக்கும் பேஸ்பாலைத் தவறவிடாதீர்கள். 1903இல் ஆரம்பித்தது, 1906இல் இரு தரப்பு ரசிகர்களின் ஆவேசம் எல்லை மீறிப் போய், 1925 வரை ஆட்டமே நின்றுபோனது. கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுந்து, பாட்டுக்கு வாயசைத்தால் போதும். மூன்றாவது இன்னிங்ஸுக்குள் கெயோக்காரர்கள் மேல் காரணமில்லாமல் கோபம் வந்துவிடும்.