பன்னிரண்டு யூனிட் கணக்கு

கலிபோர்னியாவில், இரண்டாண்டுப் படிப்பு தரும் ஒரு சமுதாயக் கல்லூரியில், விளையாட்டு மாணவர்களுக்கான கல்வி ஆலோசகராகப் பதினோரு ஆண்டுகள் பணியாற்றினேன். அவற்றில் ஒன்பது ஆண்டுகள், பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலின் பெண்கள் அணிப் பயிற்சியாளரோடு நெருங்கிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தது. 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது அவர் பள்ளிச் சிறுமி. கல்வி நிலையங்கள் விளையாட்டிலும் பெண்களைச் சமமாக நடத்த வேண்டும் என்ற அந்தச் சட்டம் இல்லாவிட்டால், தான் ஏதாவது ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்திருப்பேன் என்பார். அவர் வாங்கிய கோப்பைகள் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மாநிலத்தில் இத்தகைய கல்லூரிகள் 116 இருக்கின்றன. இவற்றில் விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுக்க விதி இடம் தருவதில்லை. ஒரு மாணவி இரண்டு ஆட்டப் பருவங்கள் மட்டுமே ஆடலாம். பெரிய பல்கலைக்கழகங்களின் கண்ணில் படாதவர்கள், பள்ளியில் மதிப்பெண் குறைந்தவர்கள், வீட்டை விட்டுத் தொலைவு போக வசதியில்லாதவர்கள் எனப் பலரும் வந்து சேர்வார்கள். அவர்களைத் தேற்றி, கை பழக்கி, ஆட்டம் ஒரு பதத்துக்கு வரும் நேரத்தில் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அழைத்துக்கொண்டு போய்விடும். நாற்றங்கால் போட்டவருக்கு அறுவடை கிடையாது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் பாதி அணியைப் புதிதாகத் திரட்ட வேண்டிய ஒரு வேலையில், ஆண்டு தவறாமல் அவர் வென்றது எப்படி என்பதே எனக்குப் புதிராக இருந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனாதலால், இடுப்புக்குக் கீழிருந்து வீசும் பந்து என்றதும் முதலில் இளப்பமாகத்தான் நினைத்தேன். ஒரு மாலை அவர் என்னைத் தலைக்கவசத்தோடு பேட்டிங் கட்டத்தில் நிற்கவைத்தார். வீசுமிடம் வெறும் 43 அடி தொலைவு. அந்தப் பெண் கையைக் காற்றாலைபோல் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி மணிக்கு அறுபது மைலுக்கு வீசினால், பந்து வந்து சேர அரை நொடிகூட ஆவதில்லை. மூன்று பந்துகள் வந்தன. கேட்சரின் கையுறையில் விழுந்த ஓசை கேட்ட பிறகே, மூன்று முறையும் நான் மட்டையை அசைத்தேன்.

மைதானத்தைப் பராமரிக்கத் தனி ஆள் கிடையாது. காலையில் உடல்நலப் பாடம் நடத்திவிட்டு மதியம் ஒரு மணிக்கெல்லாம் அவரே குழாயை இழுத்துச் செம்மண்ணை நனைப்பார். ஈரம் போதுமா என்று ஷூ முனையால் கிளறிப் பார்ப்பார். பிறகு சுண்ணாம்புக் கோடு போடுவார். அப்போது அவருடைய பின்பையில் எப்போதும் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று அன்றைய பேட்டிங் வரிசை. மற்றது, பாடங்களின் அளவைக் குறிக்கும் யூனிட் கணக்கில் யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்று நான் தரும் பட்டியல்.

ஆடும் பருவத்தில் மாணவி குறைந்தது 12 யூனிட் பாடங்களில் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாம் பருவம் ஆட வேண்டுமானால் அதற்குள் 24 யூனிட்டுகளை முடித்து, நான்குக்கு 2.0 மதிப்பெண் சராசரியும் வைத்திருக்க வேண்டும். கணிதம் கசக்கிறது என்று ஒரு பெண் ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொண்டால், அந்த நிமிடமே தகுதி போய்விடும். நல்ல ஆட்டக்காரர்களைப் பந்தயத்தில் இழந்ததைவிடப் பதிவு அலுவலகத்தில் இழந்ததே அதிகம் என்று அவர் சொல்வார். அதனால் பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் முந்தைய நாள் வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்பார். பதில் தடுமாறினால் கையுறையை வைத்துவிட்டு என் அறைக்கு நடக்க வேண்டியதுதான்.

நான்காம் ஆண்டு, தவறு என் பக்கம் நடந்தது. எங்கள் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவள், ஒரு பாடத்தைக் கைவிட்டு ஒன்பது யூனிட்டுக்கு இறங்கியிருந்தாள். அந்த வாரப் பட்டியலைச் சரிபார்க்காமல் பழைய தாளையே கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் எனக்குத் தெரியவந்தபோது அவள் மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தாள், மூன்றிலும் வெற்றி. வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. நான் போய்ச் சொன்னதும் அவர் சற்று நேரம் கையிலிருந்த சுண்ணாம்புப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “விளையாட்டு அமைப்புக்கு நாமே எழுதிவிடுவோம், உட்காருங்கள்” என்று மட்டும் சொன்னார். மூன்று வெற்றிகளும் தோல்விகளாயின. அந்த ஆண்டு பருவ இறுதியில் நடக்கும் பட்டப் போட்டிகளுக்கு அணி தகுதி பெறவில்லை. பெண்கள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, அது நியாயமே. அவர் மட்டும், மறுநாள் வழக்கம்போலப் பட்டியல் கேட்டு வந்தார்.

ஓய்வு பெற்ற வாரத்தில் தம் பழைய ஸ்கோர்புக்குகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்த ஆண்டைத் தேடிப் புரட்டினேன். மூன்று பக்கங்களிலும் பென்சிலில் எழுதிய உண்மையான எண்ணிக்கையை அழிக்காமல், மேலே சிவப்பு மையில், பறிக்கப்பட்ட ஆட்டத்துக்கு வழக்கமாகப் போடும் கணக்காக, எதிரணிக்கு 7-0 என்று எழுதியிருந்தார். சாஃப்ட்பாலில் களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று முதல் ஒன்பதுவரை எண் உண்டு. ஆறாம் இடத்துக்காரரான ஷார்ட்ஸ்டாப் பந்தை நழுவவிட்டால், பிழையைக் குறிக்கும் ‘எரர்’ என்ற சொல்லின் முதலெழுத்தோடு ‘இ-6’ என்று எழுதுவார்கள். முதல் ஆட்டத்தின் பக்க ஓரத்தில், அவருடைய சின்னக் கையெழுத்தில், ‘இ-10’ என்றிருந்தது.