“முன்னாலதான் படோணுமுங்களா?”

“முதுகு காட்டிட்டு ஓடுனானா, மூஞ்சி காட்டிட்டு நின்னானான்னு அந்த நேரத்துல ஆருங்க தம்பி பாக்கறது?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். குண்டு எந்தப் பக்கம் பட்டது என்று பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் பார்ப்பார் என்று வழக்கறிஞரான நான் பதில் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப முன்னாலதான் படோணுமுங்களா?” என்றார். நான் ஆமோதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மேசை மேலிருந்த துப்பாக்கி உரிம விண்ணப்பத்தின் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர் கொல்லப்பட்டதும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனித்திருந்த முதிய தம்பதியர் அதேபோல் கொல்லப்பட்டதும் எங்கள் பக்கத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், என்ன செய்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்க, கூப்பிடு தூரத்தில் ஆளில்லாத வீட்டில் நாயையும் டார்ச்சு விளக்கையும் நம்பி வாழ்பவர்கள் துப்பாக்கி கேட்பதை என்னால் நையாண்டி செய்ய முடியாது. அந்தப் பெரியவரும் அப்படி வந்தவர்தான். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நான் இங்கே மாற்றியிருக்கிறேன், பேச்சை மாற்றவில்லை.

அந்தக் கேள்விக்கு முன்பு நான் அவருக்குச் சட்டத்தை முறையாகத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் வீடு, வாசல், கிணற்றடி, வேலி எல்லாவற்றையும் வரைந்தேன். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமையைச் சொல்லும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான்; உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் கதவையோ பூட்டையோ உடைத்து உள்ளே வருபவனைத் தடுப்பதில், வேறு வழியில்லையெனில் அவன் உயிர் போகும் அளவுக்கும் உரிமை உண்டு. அவன் அந்த வீட்டுக்குள் இருக்கும் வரை அந்த உரிமையும் இருக்கும். கொள்ளைக்கும் வீட்டுக்குத் தீ வைப்பதற்கும் அப்படியே. ஆனால் கிணற்றடியில் மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டிருப்பவன் வெறும் திருடன். அவனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று அஞ்ச நியாயமான காரணம் இல்லாதவரை அவனைச் சுட முடியாது. போலீசை அழைக்க அவகாசம் இருக்கும் இடத்தில் தற்காப்பு உரிமையே எழுவதில்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் அனுமதி இல்லை. “ஒயர் போனா ரெண்டு நாளைக்குத் தண்ணி இல்லீங்க, தென்னங்கன்னு காஞ்சு போகுமுங்க” என்றார். உண்மைதான். ஆனால் கன்று காய்வதற்குச் சட்டம் ஓர் உயிரை ஈடாக வைக்கவில்லை என்றேன். அதையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

அதற்கடுத்துத்தான் ஓடுகிறவனைப் பற்றிய கேள்வி வந்தது. அதற்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது: அச்சம் நீங்கியதும் உரிமையும் நீங்கிவிடும், கொலைவெறியோடு வந்தவனே ஆனாலும், அவன் தப்பித்தால் போதும் என்று ஓடத் தொடங்கியபின் சுட்டால் அது தண்டிப்பது, தண்டிக்கும் அதிகாரம் வீட்டுக்காரருக்கு இல்லை. இதை நான் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன். அப்படியிருந்தும் என் வாயிலிருந்து வந்தது மருத்துவரைப் பற்றிய பதில். செய்யலாமா என்ற கேள்விக்கு, செய்தால் தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

இதைப் பல கோணங்களில் எனக்கு நானே நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டதே சாட்சியத்தைப் பற்றித்தான். யார் பார்ப்பது என்று கேட்டவருக்கு யார் பார்ப்பார் என்று சொன்னேன். குறுக்கு விசாரணையில் பழகியவனின் நாக்கு அப்படித்தான் போகும். மேலும், உடற்கூராய்வு பொய் சொல்லாது என்ற அச்சமே விசையில் வைத்த விரலைத் தடுக்கக்கூடும். அறநெறியைப் பற்றிய என் பிரசங்கம் நடுநிசியில் அவர் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்ப்பது வழக்கறிஞர்களுக்கே உரிய கர்வம். சட்டம் என்ன என்று தெரிந்துகொள்ள வருபவரிடம் சட்டத்தைச் சொல்வது குற்றமும் அல்ல. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது என்ற பாதுகாப்பு, சட்டவிரோத நோக்கத்தை முன்னெடுக்கச் சொல்லப்பட்டவற்றுக்குக் கிடையாது. அஞ்சி நடுங்கும் ஒரு முதியவருக்கு அப்படி ஒரு நோக்கம் இருந்ததாக நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஆனாலும் அந்த ‘முன்னால’ என்ற சொல் போகவில்லை. தற்காப்பு உரிமையை எல்லை மீறிப் பயன்படுத்தியவருக்கும் சட்டம் ஒரு சலுகை தருகிறது: நல்லெண்ணத்தோடும், முன்கூட்டித் திட்டமிடாமலும், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமில்லாமலும் செய்திருந்தால் அது கொலையாகாது, கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். 2010இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், துப்பாக்கியால் சுட்டவரை விடுவித்த உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவன் தன் பதிலடியைத் தராசில் நிறுத்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும், ஆபத்தைக் கண்டு கோழையைப்போல் ஓட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை என்றும் கூறியது. இவையெல்லாம் அந்தக் கணத்தின் பதற்றத்தை நம்பிக் கட்டப்பட்டவை. அந்தக் கணம் வரும் முன்பே, பகல் வெளிச்சத்தில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, காயம் எங்கே பட வேண்டும் என்று ஒருவர் கற்றுக்கொண்டு போனால், பிறகு அவர் பதற்றத்தில் சுட்டாரா, பாடம் கேட்டபடி சுட்டாரா என்று எந்த நீதிபதி பிரித்துப் பார்ப்பார்? உரிமம் வாங்குவதும் பயிற்சிச் சான்றிதழ் பெறுவதும் முன்னேற்பாடுதான், திட்டமிடல் அல்ல. அந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் என்னால் உறுதியாக வாதிட முடியும். என் அறையில், அந்தப் பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது, அத்தனை உறுதி இல்லை.

இந்தக் குழப்பத்தை இன்னும் சிக்கலாக்கிய ஒன்று பின்னர் நடந்தது. ஊர் இளைஞர்கள் இரவு ரோந்து போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல காரியம் என்றுதான் எல்லோரையும் போல நானும் பேசினேன். ஒரு நாள் மில்லில் இரவுப் பணி முடித்துக் குறுக்கு வழியில் நடந்து வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவரை மறித்து, அவர் பேசியது புரியாததையே குற்றமாக எடுத்துக்கொண்டு, மின்கம்பத்தில் கட்டி அடித்திருக்கிறார்கள். கை முறிந்தது. அந்தப் பையன்களுக்கு முன்ஜாமீன் கேட்டு என்னிடம் அழைத்து வந்தவர் அதே பெரியவர். ஒருவரைப் பிடிக்கும் அதிகாரம் பொதுமக்களுக்கும் உண்டு; ஆனால் அவர் தங்கள் கண்ணெதிரே பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் செய்திருக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும் என்று சொன்னேன். இங்கே குற்றமே இல்லை. 2018 மே மாதத்தில் வாட்ஸ்அப்பில் பரவிய பிள்ளை பிடிப்பவர்கள் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்களே, அவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள் என்றேன். அதற்குப் பெரியவர் சொன்னார்: “நாங்க துப்பாக்கியெல்லாம் எடுக்கலீங்களே தம்பி.”

அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை, துப்பாக்கிக்கு மட்டும்தான் இத்தனை விதிகள் என்று என் வெள்ளைத் தாளிலிருந்து அவர் புரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் தடியை எடுத்த கை எதையும் கேட்காமல் போனதற்கு அது ஒரு விளக்கம். மறுபக்கமாகவும் யோசிக்கிறேன்: துப்பாக்கி வேண்டும் என்றவர் முதலில் சட்டம் என்ன என்று கேட்டார், அதிகாரிகளின் விசாரணைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார், காவல் நிலைய அறிக்கைக்குக் காத்திருக்கிறார், தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டிவரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டார். கேட்பவரைக் கண்டு அஞ்சுவதா, கேட்காதவர்களைக் கண்டு அஞ்சுவதா? கேட்காதவர்களைத்தான் என்று அறிவு சொல்கிறது. ஆனால் என் தூக்கத்தில் வருவது பெரியவரின் கேள்வி, அந்தப் பையன்களின் தடி அல்ல. அடிபட்ட மனிதருக்கு இது நியாயமில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் இருக்கிறது.

முன்ஜாமீன் மனுவை வேறொரு வழக்கறிஞரிடம் கொண்டு போகச் சொல்லிவிட்டேன். உரிம மனுவை மட்டும் விடவில்லை. அதில் நான் எழுதியிருக்கும் காரணங்கள் ஒவ்வொன்றும் உண்மை: தனித்த வீடு, முதிய வயது, அருகில் நடந்த கொலைகள், காவல் நிலையம் வெகு தொலைவு. மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டையும் நானே தயாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன், தயாரிக்கவும் செய்வேன். சில நாட்கள், உரிமம் அவருக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இரவில் நாய் குரைத்தால் அந்த மனிதர் தனியாகத்தான் எழுந்து வர வேண்டும். வேறு சில நாட்களில், காவல் நிலைய அறிக்கை இன்னும் கொஞ்சம் தாமதமாகட்டும் என்று, என் கட்சிக்காரருக்கு எதிராகவே, விரும்பிக்கொண்டிருக்கிறேன்.