பவுடர் ப்ளூ கௌராமிகள்: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

பவுடர் ப்ளூ கௌராமிகளில் (ட்வார்ஃப் கௌராமி என்ற தொட்டி மீனின் நீல வகை) பெரிய ஆணுக்கு நேற்றிலிருந்து நிறம் மங்கிவிட்டது. இந்த இனத்தில் ஆண் நீலம், பெண் வெறும் வெள்ளி நிறம். இப்போது எது ஆண் எது பெண் என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டிய நுரைக்கூட்டை அப்படியே விட்டுவிட்டு ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. ஆர்டீமியா (குட்டி இறால் தீனி) போட்டும் திரும்பவில்லை. தண்ணீரைக் கெடுக்கும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். தண்ணீர் 29 டிகிரி. அதே தொட்டியில் கோரிடோராஸ்கள் (தரையில் மேயும் சின்னக் கெளுத்திகள்) எப்போதும்போல மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றன.

கப்பியோ மோலியோ மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே பதறிவிடுவோம். கௌராமியிடம் அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. செவுளுக்கு மேல் காற்றையே நேராக வாங்கும் மடிப்பு மடிப்பான உறுப்பு அதற்கு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிப் போவது அன்றாடம். செவுளில் கோளாறு தொடங்கினாலும் நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் நாள் ஓடிவிடும்.

ஜூலை 7, திங்கள்

காலையில் விளக்கைப் போட்டபோது செடிக்கு அடியில் இறந்து கிடந்தது. வயிறு உப்பியிருந்தது, விலாவில் மிளகளவு புண். வாயைச் சுற்றி வெள்ளைப் படலம் இல்லை, தோலில் மஞ்சள் பொடி படிந்ததுபோலவும் இல்லை; அவை வேறு நோய்களின் அடையாளம்.

ஜூலை 8, செவ்வாய்

கொளத்தூரில் மீன் வாங்கிய கடையில் கேட்டேன். "தண்ணி மாத்துனீங்களா சார்? அதான்" என்றார். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் போடச் சொன்னார்.

மீன் செத்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவது சரிதான். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஆனால் ட்வார்ஃப் கௌராமி விஷயத்தில் அதோடு நிறுத்தக் கூடாது. இந்த மீனின் பெயரிலேயே ஒரு இரிடோவைரஸ் இருக்கிறது. மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வைரஸ். நிறம் மங்கும், சாப்பாடு நிற்கும், வயிறு வீங்கும், புண் வரும், பிறகு சாவு. சிட்னியின் அலங்கார மீன் கடைகளில் எடுத்த கௌராமிகளைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் 22 சதவீதத்தில் இந்த வைரஸ் இருந்தது. அதாவது கடைத்தொட்டியில் ஐந்து மீன் நீந்தினால் ஒன்றுக்கு இருக்கலாம். பார்வைக்கு நன்றாக இருக்கும் மீனும் அதைச் சுமந்து வரலாம்.

இதற்கு மருந்தே கிடையாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், வைரஸை ஒன்றும் செய்யாது, ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் பதம் பார்க்கும். கேப்ஸ்யூல் போடவில்லை. பி.சி.ஆர். சோதனை இல்லாமல் வைரஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனாலும் அறிகுறிகள் எல்லாம் அந்தப் பக்கமே காட்டுகின்றன. இதே குடும்ப வைரஸைச் சீனாவில் மாண்டரின் மீனில் சோதித்தபோது 25 டிகிரிக்கு மேல் மீன்கள் செத்தன; 20க்குக் கீழே சாகவில்லை. சென்னையில் குழாயைத் திறந்தாலே 28. தண்ணீரைக் குளிரவைக்கும் அந்த வழியும் நமக்கு அடைபட்டது.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது ஆணும் சாய்ந்து நீந்தத் தொடங்கியது. சிறிய தொட்டிக்கு மாற்றினேன். மதியத்துக்குள் மேலே வரக்கூடத் தெம்பில்லாமல் தரையில் கிடந்தது. காற்றுக்காக மேலே வந்தே ஆகவேண்டிய மீன் அப்படிக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. கிராம்பு எண்ணெயை வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முதலில் மயங்கியது. அப்புறம் அளவைக் கூட்டி, செவுள் அசைவு நின்ற பிறகும் வெகுநேரம் அப்படியே விட்டிருந்தேன். துடிக்கவிடுவதைவிட இது மேல் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

ஜூலை 12, சனி

இறந்தவற்றைப் பூந்தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைத்தாயிற்று. வலை, குழாய், சிறிய தொட்டி எல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறுகின்றன. அந்தத் தொட்டியின் தண்ணீரிலும் பிளீச்சிங் கலந்து வைத்துத்தான் கொட்டினேன்.

வீட்டில் இதெல்லாம் அதிகம் என்றார்கள். இல்லை, காரணம் இருக்கிறது. 2003இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் மர்ரே காட் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நூறு கிலோவரைகூட வளரக்கூடிய, அந்த நாட்டின் மிகப் பெரிய நன்னீர் மீன். அதைக் கொன்ற வைரஸும் கௌராமி வைரஸும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரியவந்தது. நோயுள்ள கௌராமியோடு ஒரே தண்ணீரில் விட்டபோது மர்ரே காடுக்கும் தொற்றியது. இறக்குமதியாகும் கௌராமிகளை இந்த வகை வைரஸுக்குச் சோதித்துத்தான் ஆஸ்திரேலியாவுக்குள் விடுவது என்ற விதி 2016இல் வந்தது.

கொளத்தூரை ஒட்டியே ரெட்டேரி இருக்கிறது. விராலும் பனையேறியும் வாழக்கூடிய ஏரித் தண்ணீர். அவற்றுக்கு இந்த வைரஸ் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாக நம் ஊர் ஏரிகள் ஆகிவிடக் கூடாது. செத்த மீனை மழைநீர்க் கால்வாயில் வீசுவதையும், வளர்க்க முடியாத மீனை "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று ஏரியில் விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஜூலை 20, ஞாயிறு

பெண் கௌராமி மட்டும் மிச்சம். நன்றாகச் சாப்பிடுகிறது, மேலே வந்து காற்று வாங்குகிறது, புண் எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் தன் தொட்டிக்குக் கேட்டார். தரமாட்டேன் என்று காரணத்தோடு சொன்னேன், புரிந்துகொண்டார். இதன் ஆயுள் முடியும்வரை இங்கேயே, கோரிடோராஸ்களோடு. அதுவரை இந்தத் தொட்டியிலிருந்து செடி, நத்தை, பழைய ஸ்பாஞ்ச் எதுவும் வெளியே போகாது.