முக்காலியை விரிக்கும் முன்

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பது என் வேலை. ஆனால் ஒரு வீட்டில் நான் இருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் கேமரா பைக்குள்தான் கிடக்கும். அந்த நேரத்தில் படுக்கை விரிப்பை இழுத்துவிடுவேன், டிவிக்குப் பின்னால் தொங்கும் வயர்களைச் சுருட்டுவேன், சமையல் மேடையில் இருக்கும் டப்பாக்களை ஒவ்வொன்றாக உள்ளே வைப்பேன். ஆரம்பத்தில் இதையெல்லாம் வீட்டுக்காரர்கள் பாடு என்று விட்டிருந்தேன். நல்ல லென்ஸும் வெளிச்சமும் இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிய காலம் அது.

அப்படிச் சரியாவதில்லை. பழகிய அறையில் நம் கண் தனக்கு வேண்டியதை மட்டும்தான் பார்க்கும். அலமாரி மேல் பல வருடமாக இருக்கும் அட்டைப்பெட்டி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கேமராவுக்கு அதுதான் முதலில் தெரியும். அதிலும் அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துப் பெரிதாக்கிவிடும். மூலையில் இருக்கும் சின்னக் குப்பைக்கூடை நாற்காலி அளவுக்கு வந்து நிற்கும்.

இப்போது படம் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே வீட்டுக்காரர்களிடம் பேசிவிடுகிறேன். முதலில் கேட்பது பல்பைப் பற்றி. ஒரே அறையில் 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பு ஒன்று, 6500 கெல்வின் வெள்ளை பல்பு ஒன்று, ஜன்னலில் பகல் வெளிச்சம் என்று மூன்றும் சேர்ந்தால், ஒரே வண்ணம் அடித்த சுவர் படத்தில் மூன்று நிறமாகத் தெரியும். ஒரே மாதிரி பல்பு போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்வேன். அடுத்தது ஜன்னல் கண்ணாடி. சும்மா பார்க்கும்போது சுத்தமாக இருப்பது போலத்தான் இருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு துடைப்புக் கோடும் தெரிந்துவிடும். அப்புறம் ஃபேன். ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் உள்ளே இருக்கும் நிழலும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதால், ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று முதல் ஐந்து படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பேன். நடுவில் ஃபேன் சுற்றினால் இறக்கைகள் பேய் மாதிரி கலைந்து நிற்கும். குளியலறையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிரஷ், பாட்டில், வாளி வெளியே போக வேண்டும், கழிப்பறை மூடி மூடியிருக்க வேண்டும், கண்ணாடியில் என் உருவம் விழக்கூடாது.

அழகுக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக எடுத்து உள்ளே வைக்கச் சொல்லும் பொருள்களும் உண்டு. கொக்கியில் தொங்கும் சாவிக்கொத்து, பெயர் எழுதிய மருந்துச் சீட்டு, குழந்தையின் பள்ளிச் சான்றிதழ், ஊருக்குப் போகும் தேதியை வட்டமிட்ட காலண்டர். இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தெளிவாக விழுந்த சாவியின் வெட்டைப் பார்த்தே மறுசாவி செய்துவிட முடியும். அதனால் ஒரு அறைக்குள் போனதும் என் கை முதலில் இவற்றைத்தான் தேடும்.

தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஒரு வீட்டில் படுக்கையறை மூலையில் ஓதம் ஏறிக் கறை பிடித்திருந்தது. "அதை மட்டும் படத்துல அழிச்சுடுங்க தம்பி" என்றார் வீட்டுக்காரர். ஐந்து நிமிட வேலை, செய்துகொடுத்தேன். சில வாரம் கழித்து நடந்ததைத் தரகர் சொன்னார். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், ஒரு தம்பதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மா போனில் இருந்த படத்தைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். மற்ற அறைகளைப் பார்க்கவே இல்லையாம், அப்படியே திரும்பிவிட்டார்கள். அந்தக் கறையைத் தவிர நல்ல வீடு அது. ஒரு கறையை மறைக்கப்போய் மொத்த வீட்டின் மேலும் சந்தேகம் வர வைத்தது நான்தான்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வீடு காலி செய்யும் நாளில் லாரியில் ஏறப்போவதை ஒதுக்கலாம். வீட்டோடு நிற்கப்போவதைப் படத்தில் தொடக்கூடாது. விரிசல், ஓதம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். சரிசெய்ய முடிந்தால் சுவரில் சரிசெய்யட்டும், நான் வந்து மறுபடி எடுக்கிறேன். லென்ஸிலும் அதே கணக்குதான். 16 மில்லிமீட்டர் போன்ற மிக அகலமான லென்ஸில் எடுத்தால் சின்ன அறையும் கூடம் போலத் தெரியும். நான் பெரும்பாலும் 20-லிருந்து 24-க்குள் நின்றுகொள்கிறேன். அறையை முழுக்கக் காலி செய்யவும் சொல்வதில்லை. ஒரு கட்டிலோ மேசையோ இருந்தால்தான் பார்ப்பவருக்கு அறையின் அளவு பிடிபடும்.

இந்தக் கணக்கு எனக்குச் சிக்கலான வீடு ஒன்று உண்டு. வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். கூடத்துச் சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள். தெரியாத முகங்கள் நடுவே வாங்க வருபவரின் கண் வீட்டில் நிற்காது, அதோடு அந்த முகங்கள் ஊரெல்லாம் சுற்றவும் வேண்டாம். "கழற்றிடலாமாம்மா?" என்று கேட்டேன். சரி என்றார். முதல் படத்தைக் கழற்றியதும் அதன் பின்னால் சுவர் புது நிறத்தில் இருந்தது. சுற்றியிருந்த வண்ணம் வெயிலில் வெளுத்துப்போய், சட்டம் இருந்த இடம் மட்டும் கட்டம் கட்டமாக அடர்ந்து நின்றது. எல்லாவற்றையும் கழற்றினால் சுவர் இன்னும் மோசமாகத் தெரியும். கட்டங்களைக் கணினியில் அழிக்க என் கணக்கு விடாது, வண்ணம் அடிக்க அவருக்கு நாள் இல்லை.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு முகங்களை மட்டும் மூடலாம் என்று சொன்னேன். அவரே பழைய வரைபடத் தாள்களையும் கத்தரியையும் கொண்டுவந்தார். நான் அளவெடுத்து வெட்ட, அவர் ஒவ்வொரு சட்டமாகப் பின்பக்கம் திறந்து கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே தாளைச் செருகினார். ஒவ்வொன்றையும் மூடும் முன் இது யார், எப்போது எடுத்தது என்று சொல்லிக்கொண்டே செருகினார். பதினோரு சட்டங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

கூடத்தை நான்கு கோணத்தில் எடுத்து முடித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போக முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். "இங்க முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். உடனே முதல் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, தாளை உருவ ஆரம்பித்தார்.